பற்பசையில் என்ன இருக்கிறது, பல் எப்படிச் சுத்தமாகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லைச் சுத்தம் செய்வது பேஸ்ட்டா, பிரஷ்ஷா?

பெரும்பாலும் பிரஷ்தான். பல்லின் மேல் படியும் பற்படலம், பாக்டீரியாக்களும் அவை உண்டாக்கும் பசையும் சேர்ந்த மெல்லிய பூச்சு. கொப்பளித்தால் அது போகாது, தேய்த்தால்தான் பிரியும். வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷாலேயே அதில் கணிசமான பகுதியை எடுத்துவிட முடியும். ஆனால் பேஸ்ட் இல்லாமலே துலக்கிவந்தால் நாளடைவில் தேநீர், காபிக் கறை ஏறும். அதைவிட முக்கியமாக, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு பல்லுக்குக் கிடைக்காமல் போகும். காசு கொடுத்துப் பேஸ்ட் வாங்குவதற்கு நல்ல காரணம் இந்த ஃப்ளூரைடுதான். நுரையும் மணமும் குளிர்ச்சியும் நம்மை ஒரு நாளைக்கு இரண்டு முறை துலக்க வைப்பதற்கான ஏற்பாடுகள். அதுவும் தேவைதான், பிடிக்காத ருசியை யாரும் இரண்டு நிமிடம் வாயில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு டியூபில் என்னென்ன இருக்கும்?

எடையில் பெரும்பங்கு மூன்று பொருள்களுக்கு: தண்ணீர், ஈரம் காக்கும் பொருள், தேய்ப்புப்பொடி. சார்பிட்டாலும் கிளிசரினும் ஈரம் காப்பவை. இவை இல்லாவிட்டால் மூடியைத் திறந்து வைத்த ஒரே இரவில் டியூபின் வாய் இறுகிவிடும். தேய்ப்புப்பொடி என்பது சிலிக்கா, கால்சியம் கார்பனேட், டைகால்சியம் பாஸ்பேட் இவற்றில் ஒன்றாக இருக்கும். சிலிக்காவும் சார்பிட்டாலும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், அவற்றைச் சேர்த்துக் கண்ணாடி போன்ற ஜெல் பேஸ்ட் செய்ய முடிகிறது. கால்சியம் கார்பனேட் சேர்த்தால் வெள்ளையாக, ஒளி புகாமல்தான் வரும். ஜெல் நல்லதா, வெள்ளைப் பேஸ்ட் நல்லதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: வேறுபாடு தோற்றத்தில்தான்.

மிச்சமுள்ளவை சிறு அளவில் சேர்பவை. தண்ணீரும் பொடியும் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும் செல்லுலோஸ் கோந்து அல்லது சாந்தன் கோந்து, நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட், இனிப்புக்குச் சாக்கரின், புதினா எண்ணெய், மென்தால், கெடாமல் காக்கும் பொருள், கடைசியாக, எடையில் மிகச் சிறியதும் வேலையில் மிகப் பெரியதுமான ஃப்ளூரைடு.

பேஸ்ட் வாங்கும்போது லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே ஓர் எண்ணைத் தேடுங்கள்: எத்தனை பிபிஎம் ஃப்ளூரைடு. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு. 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 வரை உள்ளது பொருத்தம். 1000க்குக் கீழே போகப்போகச் சொத்தையைத் தடுக்கும் ஆற்றலுக்கான சான்று வலுவிழக்கிறது. சொத்தை அடிக்கடி வருபவர்களுக்கும் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பவர்களுக்கும் 2800 அல்லது 5000 பிபிஎம் உள்ளதைப் பல் மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அதை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

சில டியூபுகளில் பிபிஎம் இருக்காது, சேர்மத்தின் சதவீதம் மட்டும் இருக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 0.76 சதவீதம் என்பது 0.32 சதவீதத்தைவிட அதிகமாகத் தெரிகிறது, ஆனால் அதில் ஃப்ளூரைடு குறைவு. காரணம், ஒவ்வொரு சேர்மத்திலும் ஃப்ளூரைடின் பங்கு வேறு. சோடியம் ஃப்ளூரைடு என்றால் சதவீதத்தை 4500 ஆல் பெருக்குங்கள், 0.32 சதவீதம் ஏறக்குறைய 1450 பிபிஎம் ஆகும். சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்றால் 1300 ஆல் பெருக்கினால் போதும், 0.76 சதவீதம் சுமார் 1000 பிபிஎம். ஸ்டானஸ் ஃப்ளூரைடுக்கு 2400. வழக்கமாகக் காணும் 0.454 சதவீதம் சுமார் 1100 பிபிஎம்.

கால்சியம் கார்பனேட் உள்ள பேஸ்ட்டில் சோடியம் ஃப்ளூரைடு சேர்ப்பதில்லை என்பதையும் கவனிக்கலாம். இரண்டும் டியூபுக்குள்ளேயே சேர்ந்து, கரையாத கால்சியம் ஃப்ளூரைடாகி வீணாகும். அதனால்தான் அத்தகைய பேஸ்ட்டுகளில் மோனோஃப்ளூரோபாஸ்பேட் வருகிறது.

ஃப்ளூரைடு பல்லுக்கு என்ன செய்கிறது?

பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அதன் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். பற்படலத்தில் உள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த இடத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கனிமம் கரையத் தொடங்கும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே இறக்கம் தொடங்குகிறது. உமிழ்நீர் அதை மீண்டும் மேலே கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். பிஎச் ஏறியதும் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி பல்லில் படியும். அருகில் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால் இந்தப் படிவு விரைவாக நடக்கும். புதிதாக உருவாகும் கனிமமும் அமிலத்துக்கு எளிதில் கரையாது.

ஆகவே ஃப்ளூரைடு பல்லின் மேல் நேரடியாகப் பட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம் என்று பல் மருத்துவர்கள் சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது. ஒரு குளிர்பானத்தை மூன்று மணி நேரம் துளித்துளியாகக் குடிப்பவரின் பல்லுக்கு மீண்டெழ இடைவெளியே கிடைப்பதில்லை.

துலக்கி முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கலாமா?

வேண்டாம். நுரையை நன்றாகத் துப்புங்கள், அத்துடன் நிறுத்துங்கள். கொப்பளித்தால் மேலே சொன்ன ஃப்ளூரைடு தொட்டியில்தான் போகும். முதல் சில நாள் வாய் வழவழப்பாகத் தோன்றும், பிறகு பழகிவிடும். முடியவே இல்லையென்றால் ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும், அதுவும் ஒரே முறை. அடுத்த அரை மணி நேரம் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்தால் நல்லது.

துலக்கியதும் மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளிப்பதும் இதே தவறுதான். தினசரிப் பயன்பாட்டுக்கான ஃப்ளூரைடு மவுத்வாஷ்களில் பல 0.05 சதவீதச் சோடியம் ஃப்ளூரைடு உள்ளவை, அதாவது சுமார் 225 பிபிஎம். 1450 பிபிஎம் பூசிவிட்டு அதை 225 ஆல் கழுவுவதில் என்ன லாபம்? மவுத்வாஷ் பிடிக்குமென்றால் மதியம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாகத் துலக்குவது எப்படி?

மென்மையான நார் கொண்ட, தலை சிறிய பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். நார்களைப் பல்லின் மேல் நேராக வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டை நோக்கி 45 பாகை சாய்த்து வையுங்கள். நுனி நார்கள் ஈறின் விளிம்பைத் தொட வேண்டும், ஏனென்றால் படலம் முதலில் தங்குவது அந்தக் கோட்டில்தான். பிறகு இரண்டு மூன்று பற்களை மட்டும் உள்ளடக்கி, நுனி இடம் பெயராத அளவுக்குச் சிறுசிறு அசைவுகள், ஒரு பத்துப் பதினைந்து தடவை. அடுத்து, பிரஷ்ஷைக் கொஞ்சம் உருட்டி ஈறிலிருந்து பல்லின் கடிக்கும் நுனியை நோக்கி இழுத்துவிட்டு, பக்கத்துப் பற்களுக்கு நகருங்கள். இந்த வரிசையில் எல்லாப் பற்களுக்கும் வெளிப்பக்கம், பிறகு உட்பக்கம், கடைசியாக மெல்லும் பரப்பு. வாயை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் பகுதிக்கு 30 விநாடி, மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரம் பார்க்காமல் துலக்குபவர்கள் அநேகமாக ஒரு நிமிடத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. கீழ் முன்பற்களின் உட்பக்கம்: அங்கே பிரஷ் படுக்கைவாட்டில் நுழையாது, செங்குத்தாகப் பிடித்து முன்முனையால் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேல் கடைவாய்ப்பற்களின் வெளிப்பக்கம்: வாயை அகலமாகத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ்ஷைத் தள்ளும், பாதி மூடினால் இடம் கிடைக்கும். மூன்றாவது, வரிசையில் கடைசிப் பல்லின் பின்முகம். வலது கைக்காரர்களுக்கு வலப்பக்கம் அதிகம் விடுபடுவதும் உண்டு, ஏனென்றால் மணிக்கட்டை மடக்க வேண்டியிருக்கிறது.

அழுத்தித் தேய்த்தால் கூடுதல் சுத்தம் வராதா?

வராது. அழுத்தினால் நார்கள் மடிந்து படுத்துவிடும். சுத்தம் செய்வது நார்களின் நுனி, அதன் வயிறு அல்ல. நாளாக ஆக ஈறு கீழிறங்கி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரியும். அது எளிதில் தேயும். பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழுவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. பிரஷ்ஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்துப் பாருங்கள், அழுத்தம் தானாகக் குறையும். புது பிரஷ்ஷின் நார்கள் ஒரு மாதத்திலேயே பக்கவாட்டில் விரிந்துவிட்டால் குற்றவாளி பிரஷ் அல்ல.

காலையில் சாப்பிடும் முன் துலக்குவதா, பின்பா?

இரண்டில் எதுவானாலும் சரி. கட்டாயம் விடக்கூடாதது இரவு படுக்கும் முன் துலக்குவது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. அமிலத்தைக் கழுவ ஆளில்லாத நேரம் அது. இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது.

காலையில் சாப்பிட்ட பின் துலக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழச்சாறு, புளிப்புப் பழம், குளிர்பானம் போன்றவற்றுக்குப் பிறகு எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். உடனே தேய்க்காமல் அரை மணியாவது விடுங்கள். வாந்தி எடுத்தாலோ, நெஞ்செரிச்சலில் புளிப்பு மேலேறி வந்தாலோ இதே விதி: முதலில் தண்ணீரால் கொப்பளிப்பு, பிரஷ் அப்புறம்.

துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. சில நாள் பிரஷ்ஷை நிறுத்தி வைக்கலாமா?

அதுதான் செய்யக்கூடாதது. ரத்தம் வருவது பெரும்பாலும் ஈறின் விளிம்பில் படலம் தங்கி அழற்சி உண்டானதால். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் சக ஆய்வாளர்களும் ஆரோக்கியமான ஈறு கொண்டவர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் குணமானது. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே: மென்மையான பிரஷ், அதே ஈறுக்கோடு, பல்லிடுக்குச் சுத்தம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை, அல்லது பல் ஆடுகிறது, சீழ் தெரிகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புகை ஈறின் ரத்தக்கசிவை மறைத்துவிடும். ரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நலமென்று நினைத்துவிடாதீர்கள்.

பல்லிடுக்கைத் தனியாகச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா?

இரண்டு பற்கள் தொடும் இடத்துக்குக் கீழே எந்தப் பிரஷ்ஷின் நாரும் சரியாகப் போவதில்லை. இடைவெளி இருப்பவர்களுக்கு இடுக்குப் பிரஷ் சிறந்தது. சற்றே இறுக்கமாக, ஆனால் கம்பி உரசாமல் நுழையும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படுவது சகஜம். பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல். சுமார் 45 சென்டிமீட்டர் வெட்டி, இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விறைப்பாக வையுங்கள். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து இறக்குங்கள். ஒரேயடியாக அமுக்கினால் ஈறு வெட்டுப்படும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லைக் கட்டிப்பிடிப்பதுபோல் வளைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லுக்கும். இதைச் செய்யாமல் நூலை நேரே இறக்கி ஏற்றுபவர்கள் மாட்டிய துணுக்கை மட்டும் எடுக்கிறார்கள், படலம் அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், இரவு துலக்குவதற்கு முன் என்றால் மேல்.

நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிசிறினால் அங்கே சொத்தையோ, விளிம்பு உடைந்த அடைப்போ இருக்கலாம்.

பற்காரையைப் பேஸ்ட் கரைக்குமா? ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?

படலம் சில நாள் அப்படியே இருந்தால் உமிழ்நீரின் கால்சியம் அதில் ஏறிக் கல்லாகிவிடும், அதுதான் பற்காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாய்ப்பற்களின் வெளிப்பக்கமும் அதற்குப் பிடித்த இடங்கள். பைரோபாஸ்பேட், துத்தநாக சிட்ரேட் உள்ள பேஸ்ட்டுகள் புதிய காரை உருவாவதைக் குறைக்கும். இறுகிவிட்டதை எந்தப் பேஸ்ட்டும் எடுக்காது, மருத்துவரின் கருவி வேண்டும். ஊசியாலோ கத்தி முனையாலோ வீட்டில் சுரண்டுபவர்கள் எனாமலில் கீறல் போட்டு, அடுத்த காரைக்கு நல்ல பிடிமானம் செய்துகொடுக்கிறார்கள்.

ஸ்கேலிங், அதாவது மருத்துவர் கருவியால் காரையை எடுப்பது, பல்லை ஆடவைப்பதில்லை. பல வருடக் காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதன் அடியில் எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. வீக்கம் வடிந்து ஈறு இறுகுவதும், சில நாள் கூச்சம் இருப்பதும் இயல்பு.

குழந்தைக்கு எந்த வயதில், எவ்வளவு பேஸ்ட்?

முதல் பால்பல் தலைகாட்டியதும் தொடங்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு. 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு, அதாவது கால் கிராம். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க நீளமாக அலை அலையாகப் பிதுக்குவது பெரியவர்களுக்கே தேவையில்லை. டியூபை நார்களின் நீளவாக்கில் இழுக்காமல் குறுக்கே வைத்துத் தொட்டால் பட்டாணி அளவு எளிதாக வரும். பிறகு அதை நார்களுக்குள் விரலால் அமுக்கிவிடுங்கள், முதல் வாயிலேயே நக்கி விழுங்குவது குறையும். ஃப்ளூரைடு 1000 பிபிஎம்மாவது இருக்கட்டும். அளவைக் குறையுங்கள், செறிவைக் குறைக்க வேண்டாம்.

குழந்தைக்குப் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் மார்பில் சாய்த்து, ஒரு கையால் கன்னத்தை விலக்கித் துலக்குவது எளிது. ஏழு எட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். பிள்ளை தானே துலக்க ஆசைப்பட்டால் துலக்கட்டும். முடித்த பின் நீங்கள் ஒரு முறை.

பேஸ்ட்டை விழுங்கிவிட்டால் ஆபத்தா? ஃப்ளூரைடு விஷம் என்று படித்தோமே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடனடி சிகிச்சை தேவைப்படும் அளவாக மருத்துவர்கள் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளூரைடு. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 50 மில்லிகிராம். 1000 பிபிஎம் பேஸ்ட்டில் 50 கிராம், 1450 பிபிஎம் என்றால் ஏறக்குறைய 35 கிராம். அரிசி மணி அளவில் இருப்பது பத்தில் ஒரு மில்லிகிராம். ஆகவே துலக்கும்போது விழுங்குவதால் நஞ்சேறாது. ஆனால் இனிப்பு மணமுள்ள 100 கிராம் டியூபில் பாதியைக் குழந்தை தின்றுவிட்டால் அது அவசர நிலை. பால் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாலின் கால்சியம் ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்ளும். டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு அந்த பிபிஎம் எண் வேண்டும். பேஸ்ட் எப்போதும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவது. நிலைத்த பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் ஆறு எட்டு வருடங்களில் ஃப்ளூரைடு அதிகமானால் எனாமலில் வெள்ளைக் கோடுகள், திட்டுகள் விழும். முன்பற்களுக்கு முதல் மூன்று வருடம் முக்கியம். அரிசி, பட்டாணி என்று அளவு சொல்வதெல்லாம் இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள பகுதியில் வசிப்பவர்கள் (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு அது) குழந்தையின் பேஸ்ட்டைப் பற்றிப் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கே பெரிய பிரச்சினை தண்ணீர், டியூப் அல்ல. வளர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டுகள் புதிதாக வராது.

நுரைக்காகச் சேர்க்கும் எஸ்எல்எஸ் கெடுதலா?

எஸ்எல்எஸ் என்பது சோடியம் லாரில் சல்பேட், சோப்பு வகைப் பொருள். பேஸ்ட்டில் பொதுவாக ஒன்று இரண்டு சதவீதம்தான் இருக்கும், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. வாய்ப்புண் அடிக்கடி வருபவர்களில் சிலருக்கு, அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறியதும் புண் குறைகிறது. அப்படிப்பட்டவர்கள் ஓரிரு மாதம் மாறிப் பார்க்கலாம். உள்கன்னத்தில் வெள்ளையாகத் தோல் உரிந்து வந்தாலும் மாற்றிப் பாருங்கள். துலக்கியதும் ஆரஞ்சுச் சாறு கசப்பது இதன் வேலைதான். நாக்கின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மந்தப்படுத்தி, கசப்பைத் தூக்கிக் காட்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதித் தரப்பட்டிருந்தால் அதற்கும் துலக்குவதற்கும் இடையே அரை மணியாவது விடுங்கள். எஸ்எல்எஸ் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

பல்கூச்சத்துக்கான பேஸ்ட் உண்மையில் வேலை செய்யுமா?

செய்யும், பொறுமை இருந்தால். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் நரம்பு வரை போகும் நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ அவை திறந்துகொண்டால் குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் திரவம் நகர்ந்து சுரீரென்கிறது. 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் துடிப்பை அடக்கும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் இருவேளை துலக்க வேண்டும். ஸ்டானஸ் ஃப்ளூரைடும் 8 சதவீத ஆர்ஜினினும் குழாய்களின் வாயை அடைக்கும். ஒரு வாரம் துலக்கிவிட்டு “பலனில்லை” என்று தூக்கிப் போடுபவர்களே அதிகம். இரவில் துப்பிய பிறகு கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் தடவி அப்படியே விட்டால் கூடுதல் பலன் உண்டு.

ஒரே ஒரு பல் மட்டும் கூசினால், சூடு பட்டு வலி நிமிடக்கணக்கில் நீடித்தால், கடிக்கும்போது குத்தினால் பேஸ்ட்டில் நேரத்தைக் கழிக்காதீர்கள். அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கும்.

வெண்மை தரும் பேஸ்ட், கரி பேஸ்ட் எல்லாம்?

பல்லின் நிறம் பெரும்பாலும் உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள். பேஸ்ட் மேற்கறையை மட்டும் எடுக்கும். சில பேஸ்ட்டுகள் ஒரு நீலச் சாயத்தைப் பூசி மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கின்றன, சில மணி நேரத்துக்கு. உள்நிறத்தை மாற்றுவது பெராக்சைடு; அதுவும் பல நாடுகளில் தேவையான செறிவில் பல் மருத்துவரிடமே கிடைக்கும்.

தேய்ப்புத் தன்மையை ஆர்டிஏ என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் கூடக்கூடத் தேய்ப்பும் கூடும். ஐஎஸ்ஓ 11609 என்ற சர்வதேசத் தரநிலை 250 வரை அனுமதிக்கிறது. ஈறு இறங்கியவர்களும் பல்கூச்சம் உள்ளவர்களும் 70ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ளதைத் தேடுவது நல்லது. சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான டியூபுகளில் இந்த எண்ணைப் போடுவதில்லை. கரி பேஸ்ட் வெண்மையாக்கும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. பலவற்றில் ஃப்ளூரைடும் கிடையாது. கரித்துகள் ஈறின் விளிம்பிலும் பழைய அடைப்பின் ஓரத்திலும் கறுப்புக் கோடாகத் தங்குவதும் உண்டு. காசு கொடுத்து வாங்க இதில் ஒன்றுமில்லை என்பதே எங்கள் கருத்து.

உப்பு, சமையல் சோடா, எலுமிச்சை?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம், நேரடியாக எனாமலைக் கரைக்கும். உப்புப் பரல் ஈறைக் கீறும். வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளிக்க மட்டும் நல்லது. சமையல் சோடா வியப்பளிக்கும் அளவுக்கு மென்மையான தேய்ப்புப்பொடி, அமிலத்தையும் முறிக்கும். ஆனால் அதில் ஃப்ளூரைடு இல்லை. பிடித்தால் அது சேர்ந்த ஃப்ளூரைடு பேஸ்ட்டையே வாங்கிக்கொள்ளலாம்.

ஃப்ளூரைடே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி?

ஹைட்ராக்சிஅபடைட் பேஸ்ட் மட்டும் பேசத் தகுந்தது. பல்லின் கனிமத்தையே பொடியாகச் சேர்த்தது அது. இதுவரை வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஃப்ளூரைடுக்குப் பின்னால் உள்ள பல பத்தாண்டுச் சான்றோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற சொற்கள் லேபிளில் இருப்பது ஃப்ளூரைடு உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது. இரண்டு வகையும் விற்கின்றன. பட்டியலைப் பாருங்கள்.

டியூபின் அடியில் உள்ள பச்சை, கறுப்புக் கட்டம் எதைக் குறிக்கிறது?

எதையும் இல்லை. எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று தொழிற்சாலை இயந்திரத்தின் ஒளிக்கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் ரசாயனம் என்பது சுற்றிச்சுற்றி வரும் கட்டுக்கதை.

பாரபென், ட்ரைக்ளோசான், டைட்டானியம் டைஆக்சைடு பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி ஈறழற்சியைக் குறைத்தது உண்மை. ஆனாலும் ஹார்மோன்கள் மீதான தாக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பின் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பழைய இருப்பில் கண்டால் தவிர்க்கலாம். டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளை நிறத்துக்காக மட்டும். லேபிளில் சிஐ 77891 என்றும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் உணவில் அதைத் தடை செய்தது. துப்பிவிடும் பொருளில் சேரும் அளவு மிகக் குறைவு என்றாலும், பல்லுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லாததால் விழுங்கும் வயதுக் குழந்தைக்கு அது இல்லாததை வாங்குவதில் தவறில்லை. பாரபென் பேஸ்ட் கெடாமல் காப்பது, அளவு சொற்பம். சாக்கரின், சார்பிட்டால் இரண்டும் சொத்தை உண்டாக்கா.

கிளிசரின் பல்லின் மேல் படலமாகி கனிமம் சேரவிடாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தண்ணீரில் உடனே கரைவது, உமிழ்நீரிலேயே போய்விடும். உண்மையில் கவலைப்பட வேண்டியது போலிப் பேஸ்ட்டைப் பற்றி: 2007-ல் கிளிசரினுக்குப் பதில் நச்சான டைஎதிலீன் கிளைக்கால் சேர்த்த பேஸ்ட்டுகள் பல நாடுகளில் பிடிபட்டன. தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், தேதி இல்லாத டியூபை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பிரஷ்ஷை எப்போது மாற்றுவது? மின்சார பிரஷ் தேவையா?

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, நார் விரிந்தால் அதற்கு முன்பே. துலக்கியதும் ஓடும் நீரில் கழுவி, உதறி, நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலர விடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் கிருமிக்குத்தான் வசதி. மின்சார பிரஷ் படலத்தை ஓரளவு கூடுதலாக எடுக்கிறது. கை நடுக்கம், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் நல்ல உதவி. அதை வைத்துக்கொண்டு கையாலும் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி சும்மா வைத்து நகர்த்தினால் போதும்.

நன்றாகத் துலக்கியும் வாய் நாறுகிறது.

நாக்கின் பின்பகுதியைப் பாருங்கள். அங்குள்ள வெள்ளைப் பூச்சில் வாழும் பாக்டீரியாதான் கந்தக வாயுக்களை வெளியிடுகிறது. நாக்கு வழிப்பானைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்து, ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் ஈறுநோய், மறைந்த சொத்தை, டான்சில் கல், வாய் வறட்சி என்று தேட வேண்டியிருக்கும்.

பிரேஸ் போட்டிருக்கிறோம், வீட்டில் பெரியவருக்குச் செயற்கைப் பல்செட். இவற்றுக்கும் அதே பேஸ்ட்டா?

பிரேஸுக்கு அதே ஃப்ளூரைடு பேஸ்ட்தான், ஆனால் கம்பிக்கு மேலே சாய்த்து ஒரு முறை, கீழே சாய்த்து ஒரு முறை, கம்பிக்கு அடியில் இடுக்குப் பிரஷ் நுழைத்து ஒரு முறை. பிரேஸ் கழற்றிய நாளில் அதைச் சுற்றி வெள்ளைச் சதுரத் தழும்பு தெரிவது படலம் தங்கியதால், பிரேஸால் அல்ல.

கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பேஸ்ட் கூடாது. அக்ரிலிக் எனாமலைவிட மிக மென்மையானது. தேய்ப்புப்பொடி அதில் நுண்கீறல் போடும், கீறலில் பூஞ்சை குடியேறும். மிதமான திரவ சோப்பும் தனியாக ஒரு மென்மையான பிரஷ்ஷும் போதும். கொதிநீர் பட்டால் செட் கோணிவிடும். தொட்டியில் தண்ணீர் நிரப்பியோ துணி விரித்தோ அதற்கு மேல் வைத்துக் கழுவுங்கள், கை தவறி விழுந்தால் உடையாது. இரவில் கழற்றி, உலர்ந்துவிடாமல் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வாயில் சொந்தப் பல் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால், அவற்றுக்கு மட்டும் ஃப்ளூரைடு பேஸ்ட்.